புல்லும் பூக்கும்

ஜூலை 4

தம்பிக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று பக்கத்து வீட்டுக் கண்டக்டரம்மாவிடம் புகார் சொன்னாயாம். சுவருக்கு மேலே தலையை நீட்டி அவர் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேருந்துக் குரல் அவரை விட்டுப் போகவில்லை. தெருவே கேட்டது.

எடுக்காததற்குக் கோபம் பாதிக் காரணம். மீதிக் காரணம், பேசினால் எனக்கு இருமல் வருகிறது. இருமினால் நீ “பாத்தியா, பாத்தியா” என்று ஆரம்பிக்கிறாய். அதற்கப்புறம் நான் சொல்ல வந்தது எதுவும் உன் காதில் ஏறுவதில்லை. காகிதம் இருமாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

பிப்ரவரியில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ என் தோட்டத்தில் செய்ததை உனக்கே திரும்பச் சொல்கிறேன். ஏனென்றால் நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. கேட்டைத் திறந்ததும் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். செம்பருத்தி வேலி இல்லை. கிலுகிலுப்பைச் செடி இல்லை. பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கென்று விட்டிருந்த எருக்கு இல்லை. தவளைக் குட்டையில் மண் கொட்டி மட்டமாக்கியிருந்தாய். மக்கிய கட்டைகளை அடுக்கி அரணைகளுக்கு விட்டிருந்த மூலையில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. சுவரிலிருந்து சுவர் வரை பாய் விரித்த மாதிரி புல். அதன் நடுவில் நின்றுகொண்டு, வாடகை வீடு காட்டும் தரகனைப் போலக் கையை விரித்தாய். “எப்படி இருக்கு அக்கா?”

நான் “வெளியே போ” என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

எனக்கு அலர்ஜி இருப்பது எனக்குத் தெரியாதா? மழை விட்ட பிறகுதான் தோட்டத்தில் இறங்குவேன். அப்போது காற்று கழுவி விட்டது போல இருக்கும். பல் டாக்டர்களுக்குச் செய்து கொடுக்கிற பல் செட்டைத் தேய்க்கும்போது போடுகிற முகமூடி, கண்ணாடி, தலைக்குத் துண்டு, எல்லாம் மாட்டிக்கொள்வேன். கண்டக்டரம்மா “என்ன, வெல்டிங் வேலையா?” என்பார். முடித்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. காற்றில் தூளைப் பறக்க விடுகிற செடி ஒன்றைக்கூட நான் வைத்ததில்லை. தேனீயும் வண்டும் வந்து முதுகில் சுமந்து போகிற செடிகளாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அது எனக்குள் ஒரு கணக்கு. உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீயும் கேட்டிருக்கலாம்.

உன் புல்லுக்கு நான் தண்ணீர் விடுவதில்லை. வெட்டுவதும் இல்லை. நீ போட்டது, அதன் பாடு அதற்கு.

அக்கா

•

ஜூலை 12

அக்கா,

உன் கடிதத்தை, லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். பாதி எனக்குத் திட்டு. பாதி தவளைக்கு இரங்கல்.

நீ பார்த்ததைச் சொன்னாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் வந்து சேர்ந்தபோது உன் உதடு நீலமாக இருந்தது. நீ அதைப் பார்க்கவில்லை, கண்ணாடியா வைத்திருந்தார்கள் உனக்கு? நான் பார்த்தேன். முகத்தில் கட்டிய மூடிக்குள் நீ மூச்சு இழுக்கிற சத்தம், துரு பிடித்த ரம்பம் மாதிரி. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “வீட்டுல தோட்டம் இருக்கா?” என்றார். இருக்கு சார், காடே இருக்கு என்றேன். “மொதல்ல அத எடுங்க” என்றார். அடுத்த தடவை இப்படி வந்தால் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேருவது உறுதி இல்லை என்றும் சொன்னார். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

அப்புறம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பையின் குணநலன்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டுமா?

நர்சரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “அலர்ஜி இருக்கவங்களுக்குப் புல்லுதான் சார். பூவே கிடையாது, நிம்மதி” என்றார். எனக்கும் சரியென்று பட்டது. பூ இருந்தால்தானே மகரந்தம்? வெயிலில் நானும் அவர் அனுப்பிய ஆட்களும் ராத்தூக்கம் இல்லாத கண்ணோடு வேலை செய்தோம். நீ வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

புல்லை வெட்டு. அல்லது வெட்டச் சொல். அதைவிட நல்லது, இங்கே வந்துவிடு. என் வீட்டுக்காரியும் சொல்கிறாள். அந்தப் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. பன்னிரண்டாவது மாடியில் கொசுவே வராது, மகரந்தமா வரப்போகிறது?

தம்பி

•

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

டாக்டர் உன்னிடம் சொன்னதை இப்போதாவது சொன்னாய். சரி.

புல்லை நான் வெட்டவில்லை. ஜூலை மழைக்கு முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. நீ பாயாகப் போட்டது இப்போது பயிராக நிற்கிறது. காற்றில் வந்த காட்டுப் புல் விதைகளும் அதில் சேர்ந்துகொண்டன. ஜன்னலைத் திறந்தால் அன்று முழுக்க நெஞ்சில் கல். நான் நினைத்தேன், இது உன் மேல் உள்ள கோபம், நெஞ்சில் வந்து உட்காருகிறது என்று.

போன வாரம் அலர்ஜிப் பரிசோதனைக்குப் போனேன். முன்கையில் வரிசையாகச் சொட்டுச் சொட்டாக ஏதேதோ விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசி நுனியால் லேசாகக் குத்தினார்கள். எது வீங்குகிறதோ அதுதான் எதிரி. ஒரு பொட்டலத்தில் என் தோட்டத்து மிச்சங்களையும் கொண்டு போயிருந்தேன். சுவரோரம் ஒரு செம்பருத்தித் துளிர் உன் கண்ணில் படாமல் தப்பித்துப் பூத்திருந்தது. கிலுகிலுப்பையைக் கண்டக்டரம்மா வீட்டிலிருந்து வாங்கினேன், என் விதையில் முளைத்ததுதான். எருக்கு தெருவில் கிடைத்தது. நர்ஸ் சிரித்தார், ஆனாலும் டாக்டர் அவற்றையும் வைத்துப் பார்த்தார்.

செம்பருத்தி, ஒன்றுமில்லை. கிலுகிலுப்பை, ஒன்றுமில்லை. எருக்கு, ஒன்றுமில்லை. புல் வைத்த இடம் மட்டும் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு, “இங்க வா, இத வந்து பாரு” என்றார். என் கை ஒரு பொருட்காட்சி ஆகிவிட்டது.

டாக்டர் சொன்னார்: கண்ணைப் பறிக்கிற பூவுக்கு வண்டுகள் உண்டு. அதன் தூள் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும், பறக்காது. நிறமும் வாசனையும் இல்லாமல் பூக்கிறதே, அதுதான் காற்றை நம்பித் தூளை அள்ளி வீசும். “புல்லும் பூக்கும்மா. நாம பாக்குறதில்ல, அவ்வளவுதான்.” பிப்ரவரியில் என்னை வீழ்த்தியதும் பக்கத்துக் காலி மனையில் நின்ற புல்தான். அந்த மனையில் இப்போது கட்டடம் வந்துவிட்டது. நீ அந்தப் புல்லைக் கொண்டுவந்து என் ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறாய்.

நிரபராதிகளையெல்லாம் வெட்டினாய், கொலைகாரனைக் குடி வைத்தாய்.

இதை எழுதி முடித்ததும் எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வெட்டாமல் விட்டவள் நான்தானே. உன்னைத் தண்டிக்கிறேன் என்று அதை வளர விட்டேன். தண்டனை யாருக்கு என்று கைதான் சொல்கிறது.

அடுத்த வாரம் புல் வெட்டும் மெஷின்காரர் வருகிறார். முன்பதிவு செய்துவிட்டேன்.

அக்கா

•

ஆகஸ்ட் 10

அக்கா,

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி, “உங்க அக்காவுக்குக் கடிதம் எழுதுறீங்களா, குப்பைத் தொட்டிக்கு எழுதுறீங்களா?” என்கிறாள். கணக்கு டீச்சர், வீணாவது எதுவும் அவளுக்குப் பிடிக்காது.

நேற்று ஒரு லிஃப்டில் நடுவழியில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே ஒருவர் பதறிப்போய்க் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், கருவியில் கை வைக்கும் முன் உள்ளே இருப்பவர்களோடு பேச வேண்டும். யார் இருக்கிறீர்கள், யாருக்காவது முடியவில்லையா, நான் வெளியேதான் நிற்கிறேன். அதற்கப்புறம்தான் மேலே போய் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நகர்த்த வேண்டும். நான் இதைப் புதுப் பையன்களுக்குத் தொண்டை வற்றச் சொல்கிறவன்.

அவ்வளவுதான் எழுத வருகிறது.

மெஷின் ஓடும்போது நீ வீட்டில் இருக்காதே. தூள் கிளம்பும். கண்டக்டரம்மாவோடு எங்காவது போய்விடு. வெட்டியதும் எழுது.

தம்பி

•

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

வெட்டவில்லை.

மெஷின்காரர் வந்து கயிற்றை இழுத்து மெஷினை உறும விட்டார். நான் கண்டக்டரம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்க்கிறேன் என்று அவர் சுவரோரம் நின்றார். திடீரென்று, “ஹோல்டான்! ஹோல்டான்!” பேருந்தில் ஆள் விழுந்த மாதிரி ஒரு கத்தல். மெஷின்காரர் அந்தக் காலத்துப் பயணி போலிருக்கிறது, அப்படியே நின்றுவிட்டார்.

புல்லுக்குள்ளிருந்து ஒரு குருவி எழும்பி, மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வாலை நிமிர்த்திக் கத்தியதாம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கதிர்க்குருவி. முன்பெல்லாம் காலி மனைப் பக்கத்திலிருந்து அதன் குரல் கேட்கும். மனை போனதும் இங்கே வந்துவிட்டது. மெஷின்காரர் குனிந்து விலக்கிப் பார்த்தார். புல் தண்டுகள் நாலைந்தைச் சேர்த்து நாரால் தைத்து, பை போல ஒரு கூடு. உள்ளே செங்கல் நிறத்தில் பளபளவென்று முட்டைகள். “பாத்துட்டு எப்படிம்மா வெட்றது?” என்று அவரே மெஷினை அணைத்துவிட்டார்.

புல்லில் கூடு இருக்கிறது என்று சொல்வது சரியில்லை. புல்தான் கூட்டின் சுவர். வெட்டினால் வீடே போயிற்று. சுற்றி வெட்டி அதை மட்டும் விட்டால், பூனைக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி.

அதனால் குஞ்சுகள் போகும்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டிவிட்டேன். கதவுக்கடியில் ஈரத்துணி. முன்னறைதான் இப்போது சமையலுக்கும் வேலைக்கும் படுக்கைக்கும். பல் டாக்டர்கள் அனுப்பிய அச்சுகள் மேசை மேல் வரிசையாக இருக்கின்றன. பேச்சுத்துணைக்கு அத்தனை வாய்கள். எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றனவே தவிர, ஒன்றும் பேசுவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல் தலைகள் காற்றில் சாயும்போது வெளிர் மஞ்சளாக ஒரு புகை கிளம்புகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இன்ஹேலரைத் தேடுகிறேன்.

நீ வர வேண்டாம். அப்படி ஒன்றும் மோசமில்லை. படுத்தால்தான் கொஞ்சம் சிரமம், அதனால் நாற்காலியில் தூங்குகிறேன்.

அக்கா

•

ஆகஸ்ட் 25

அக்கா,

மோசமில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே நாற்காலியில் தூங்குகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். படிக்கிறவன் மடையன் என்று நினைப்பா?

மேலதிகாரியிடம் லீவு கேட்டேன். “உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னா சரி. குருவிக்குப் பிரசவம்னு சொல்றியே, அத எந்தப் பிரிவுல போடுறது?” என்றார். கொடுத்துவிட்டார்.

என் யோசனை இதுதான். மெஷின் வேண்டாம், அரிவாள் வேண்டாம். கத்தரிக்கோலால் பூத்த தலைகளை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்கிப் பையில் போட்டு எரித்துவிடுகிறேன். தண்டு நிற்கும், கூடு நிற்கும். எனக்கு அலர்ஜி கிடையாது, சின்ன வயதிலிருந்து புழுதியில் புரண்டவன். அதுவரை நீ என் வீட்டில் இரு. நான் உன் வீட்டில் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வருகிறேன். பையைக் கட்டி வை. கதவைத் திற. திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. மூடின கதவைத் திறப்பதுதான் என் பிழைப்பு.

தம்பி

•

செப்டம்பர் 2

தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். அன்றைக்கு வாசலில் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. பேசினால் மூச்சு மிஞ்சாது என்று சேமித்துக்கொண்டிருந்தேன். உன் தலை எப்போது இவ்வளவு நரைத்தது என்று கேட்க நினைத்தேன். கண்டக்டரம்மா என்னைக் காரில் ஏற்றிவிட்டு வெளியிலிருந்து தட்டி, “ரைட், ரைட்!” என்றது வரைக்கும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் தூங்கிவிட்டேன்.

இங்கே முதல் இரவு படுத்துத் தூங்கினேன். கால் நீட்டி, விடியும் வரை. எழுந்தபோது எனக்கு அழுகையாக வந்தது. உடனே கோபமும் வந்தது. ஒரு இடத்தில் மூச்சு இவ்வளவு சுலபமாக வருகிறது என்பதே, என் வீட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

உன் ஜன்னல்கள் ஒரு கை நுழையும் அளவுக்கு மேல் திறப்பதில்லை. பாதுகாப்பாம். கீழே கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் இன்னொரு கட்டடம், அதிலும் இதே ஜன்னல்கள். பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ காயப்போட்ட துண்டு.

இங்கே மூச்சு விட முடிகிறது. விட்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

முட்டை பொரிந்துவிட்டதா?

அக்கா

•

செப்டம்பர் 7

அக்கா,

பொரிந்துவிட்டது. மூன்று. தலை எது வால் எது என்று தெரியாத சதைத்துண்டுகள். வாய் மட்டும் உடம்பை விடப் பெரிசு. உன் மேசை மேல் இருக்கிற வாய்களும் அதுகளும் சேர்ந்து என்னைத் தூங்க விடுவதில்லை. உன் பல்லையெல்லாம் துணி போட்டு மூடிவிட்டேன், மன்னித்துக்கொள்.

காலையில் பனி ஈரம் காய்வதற்குள் தொடங்குகிறேன். ஈரத்தில் தூள் கிளம்பாது. ஒரு தண்டை இடது கையால் ஆடாமல் பிடித்து, வலது கையால் தலையை நறுக்க வேண்டும். கூட்டின் பக்கம் போகும்போது நானே மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். உன்னை நினைத்து இல்லை, தண்டு அசைந்துவிடும் என்று. இந்தக் கோடியில் முடித்துத் திரும்பினால் அந்தக் கோடியில் புதுத்தலை எட்டிப் பார்க்கிறது. கண்டக்டரம்மா காபியோடு சுவருக்கு வந்து, “சலூன் எப்ப திறந்தீங்க தம்பி? எனக்கும் நுனி மட்டும் கொஞ்சம்” என்கிறார்.

சாயங்காலம் ஒரு சாம்பல் பூனை சுவர் மேல் வந்து உட்காருகிறது. நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கிறது. அதனால் எங்கும் போவதில்லை. கடைக்குக்கூடக் கண்டக்டரம்மாதான் போகிறார். நான் தெருவைப் பார்த்து நாளாகிறது. உனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. எனக்காவது மூச்சு இருக்கிறது.

சிமெண்டுப் பெஞ்சைப் பெயர்த்துவிட்டேன். அடியில் ஒரு அரணை இருந்தது. நான் எடுத்ததற்குத்தான் அதற்குக் கோபம். என்னைப் பார்த்த பார்வை உன் ஜாடை.

தம்பி

•

செப்டம்பர் 11

தம்பிக்கு,

என் ஜாடை என்றால் அது உன்னைக் கடித்திருக்கும்.

உன் மனைவி என்னை ராணி மாதிரி வைத்திருக்கிறாள். அதுதான் தொல்லை. தட்டைக் கழுவப் போனால், “அண்ணி, உக்காருங்க.” துணி மடித்தால், “அண்ணி, உக்காருங்க.” உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வேர் விட்டுவிடும் போலிருக்கிறது. நேற்று நான் திரும்பிப் போகிறேன் என்றேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில் சொன்னாள்: “போங்க அண்ணி. ஆனா போனா என்ன ஆகும்னு மட்டும் நீங்களே ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க.” எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. அவளும் கதவுப் பக்கம் போய் நிற்கவில்லை. சாவியை மேசை மேல் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள். நான் சாவியைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை இருந்தேன்.

குஞ்சுகள் பறந்ததும் அன்றைக்கே மெஷின்காரரைக் கூப்பிடு. புல்லை அடியோடு எடுத்துவிட்டால் மழைக்கு முன் செம்பருத்திக் கொம்பு ஊன்றலாம். நான் வந்துவிடுகிறேன். வெட்டும்போது காட்டுப் புல் வேரையும் தோண்டச் சொல். குட்டை இருந்த இடம் உனக்கு நினைவிருக்கும்.

அக்கா

•

செப்டம்பர் 15

அக்கா,

கூடு காலி. ஆனால் வெட்ட முடியாது.

நேற்றுக் காலை பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பூனை கொண்டுபோய்விட்டது என்று சுவர் மேல் ஏறித் தேடினேன். அப்புறம் புல்லுக்குள் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கீச்சுக் குரல். மூன்றும் இறங்கி ஓடிவிட்டன. பறக்க வரவில்லை, ஒரு முழம் தத்தி விழுகின்றன. எங்கே இருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும். கூட்டுக்குள் இருந்தபோதாவது ஒரு இடத்தைத்தான் விட்டு நடந்தேன். இப்போது எங்கே கால் வைத்தாலும் பயம். படிக்கட்டில் நின்றுகொண்டு கைக்கு எட்டுகிற தலைகளை மட்டும் நறுக்குகிறேன். நானே அளந்து நானே போட்ட புல், அக்கா. அதில் கால் வைக்க எனக்கே வழியில்லை.

அது மட்டும் என்றால் பொறுத்திருக்கலாம். அந்தக் கோடியில், உன் குட்டை இருந்த பக்கம், பெரிய குருவிகள் இரண்டும் மறுபடி நார் சுமக்கின்றன. இன்னொரு கூடு. கண்டக்டரம்மாவிடம் கேட்டேன். “இதுங்களுக்குப் புல்லு நிக்கிற வரைக்கும் ட்ரிப்பு உண்டு தம்பி. டிப்போவுக்குப் போகாது” என்றார்.

மேலதிகாரி நேற்றுப் போன் செய்தார். சிரிக்கவில்லை. திங்கள்கிழமை நான் வேலையில் நிற்க வேண்டும். நான் நறுக்காவிட்டால் ஒரு வாரத்தில் மொத்தமும் பூத்துவிடும். நீ வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் விடை தெரியும். மெஷின்காரரைக் கூப்பிட்டால் அது ஒரு மத்தியான வேலை. பிப்ரவரியில் உன்னைக் கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். நீ வெட்டு என்றால் வெட்டுகிறேன், உனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதையும் நீதான் சொல்ல வேண்டும்.

தம்பி

•

செப்டம்பர் 18

தம்பிக்கு,

வெட்டாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தேன். வழக்கமாக நான் யோசிப்பது பல் செட்டுக்கான மெழுகு கையில் இருக்கும்போதுதான். இங்கே அதுவும் இல்லை. செம்பருத்தி எங்கே, குட்டை எங்கே என்று மனசுக்குள் திரும்பத் திரும்ப நட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முதலில் புல்லை எடுக்க வேண்டியிருந்தது.

இத்தனை வருஷம் இந்த இடம் பூச்சி, தவளை, குருவி, அதுகளுக்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதை வைப்பது, எது வரலாம் என்று தீர்மானித்தது நான். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்கு ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தேன். உன் முட்டாள்தனமும் என் வீம்பும் சேர்ந்து நாம் இரண்டு பேருமே நினைக்காத ஒன்றை அங்கே வளர்த்துவிட்டன. அதுகளுக்கு அது போதுமாக இருக்கிறது. எனக்குத்தான் அதில் இடமில்லை. இதைப் பெருமனதோடு எழுதவில்லை. எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வா. தண்ணீர் விட வேண்டாம், நறுக்க வேண்டாம், யாரும் உள்ளே போக வேண்டாம். கண்டக்டரம்மாவிடம் சாவி கொடுக்காதே. நல்ல மனசு, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய் எதையாவது மிதித்துவிடுவார். பூனையை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விரட்டச் சொல். அந்தக் குரலுக்குப் பூனை ஊரை விட்டே போய்விடும்.

என் மெழுகு உருக்கும் விளக்கு, கத்திகள், தேய்க்கும் மோட்டார், மேசை மேல் இருக்கிற அச்சுகள் எல்லாவற்றையும் எடுத்து வா. பல் டாக்டர்கள் காத்திருக்கிறார்கள், பல் இல்லாதவர்கள் அதைவிட அதிகமாக. உன் மனைவி பின்னறையில் ஜன்னலோரம் இடம் ஒதுக்கிவிட்டாள். எவ்வளவு காலத்துக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். கை போகும், முகம் போகாது.

வந்ததும் நேராக உள்ளே வந்துவிடாதே. சட்டையைக் கதவுக்கு வெளியிலேயே கழற்றி ஒரு பையில் போட்டுக் கட்டிவிடு. மடிப்பிலெல்லாம் புல்லின் தூள் இருக்கும். தோட்டத்திலிருந்து எனக்கு வந்து சேரக்கூடியது அது ஒன்றுதான். ஒரு தடவை முகத்தோடு வைத்து மோந்து பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டிவிடு. நான் கேட்டாலும் கொடுக்காதே.

அக்கா